கொஞ்சம் பொறுங்க, இந்தப் பக்கம் முடியட்டும்: கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டுக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. கல்லாப் பக்கம் வைத்திருக்கும் நோட்டில் நீங்கள் எழுதிப் போனதையும், பணம் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொன்னதையும் சேர்த்து உட்கார்ந்து படித்தோம். பாதிக்கு மேல் பாராட்டு. அதற்கு நன்றி, அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை. மீதிக் கேள்விகளுக்கும் குறைகளுக்கும்தான் இந்த மடல். “எதுக்கெடுத்தாலும் ஒரு சட்டம் வெச்சிருக்கீங்க” என்று ஒருவர் எழுதியிருந்தார். வைத்திருப்பது நிஜம். இசைத்தட்டு ஓட, அதைக் கேட்டுக்கொண்டே பானம் குடிக்கும் கடை எங்களுடையது. அநேகமாக எல்லாமே அந்தக் கறுப்புத் தட்டு போட்ட சட்டம்.

முதலில் சரக்கு விவகாரம். ‘பார்’ என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து, மெனுவை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அது இல்லீங்களா?” என்று தணிந்த குரலில் கேட்பவர்கள் வாரம் தவறாமல் உண்டு. இல்லீங்க. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். உட்கார்ந்து குடிக்கும் உரிமம் வேண்டுமென்றால் கிளப்புக்கு எஃப்.எல்.2, ஹோட்டலுக்கு எஃப்.எல்.3. சந்துக்குள் நாலு மேசை போட்டிருக்கும் எங்கள் கடை அதில் எதிலும் சேராது.

சேர்ந்தாலும் யோசித்திருப்போம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ‘78’ தட்டுகள் அரக்கும் கல்பொடியும் கலந்து அச்சடித்தவை. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே அரக்குதான் இது. ஸ்பிரிட் பட்ட இடத்தில் தட்டு மங்கிப் போகும், பாட்டு ஓடும் கோடும் சேர்ந்து கெடும். அப்படிப்பட்ட தட்டுகள் இருக்கும் அறையில் கிளாஸ் தளும்புவதை நினைத்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதற்காகச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுவதில்லை. நன்னாரி, பச்சை இஞ்சி, குறுமிளகு, எலுமிச்சை, பொள்ளாச்சி இளநீர், கருப்பட்டிப் பாகு என்று காக்டெயில் கலக்கும் அதே முறையில் அளந்து, ஷேக்கரில் குலுக்கி, வடிகட்டித்தான் தருகிறோம். ஐஸ் மட்டும் பெரிய கட்டியாக ஒன்று. “சின்னச் சின்னதா போட்டா சீக்கிரம் ஜில்லுன்னு ஆகுமே” என்று கேட்டவருக்கு: ஆகும்தான், ஆனால் சீக்கிரம் கரைந்து பானம் நீர்த்தும் போகும். நீண்ட நேரம் ஓடும் ‘எல்பி’ தட்டில் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும். அந்தப் பக்கம் முடியும்போது கடைசி மடக்கும் முதல் மடக்குப் போலவே இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் அந்த அளவுக் கட்டி.

பானம் வரத் தாமதமாகிறது என்ற குறைக்கும் இங்கேயே பதில். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஷேக்கரைக் குலுக்க மாட்டோம், மிக்ஸியைத் தொடவே மாட்டோம். பக்கம் முடிந்து தட்டைத் திருப்பும் இடைவெளியில்தான் எல்லா ஆர்டரும் ஒன்றாகத் தயாராகும். கிரைண்டர் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பும் கோயம்புத்தூரில் மிக்ஸி சத்தத்துக்கு இத்தனை பயமா என்று சிரிக்கலாம். முறுக்கும் தட்டுவடையும் இல்லாததற்குக்கூட அதுதான் காரணம். ஒப்புட்டும், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

அடுத்தது, நோட்டில் அதிகம் பேர் எழுதியது: “சவுண்டு பத்தலை.” இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எல்பி தட்டின் மேல் எங்கள் ஊசி அழுத்தும் எடை இரண்டு கிராமுக்குள். தலைமயிரைவிட மெல்லிய கோட்டுக்குள் அது ஓடுகிறது. கோட்டின் சுவரில் இருக்கும் நெளிவை மின்சாரமாக்கித் தருவதுதான் அதன் வேலை. தன்னை ஆட்டுவது பாட்டின் நெளிவா, நீங்கள் நாற்காலியை இழுத்த அதிர்வா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் தட்டைச் சுற்றும் டர்ன்டேபிளை மேசையில் வைக்காமல், சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, கனமான கடப்பாக்கல் பலகை போட்டு அதன் மேல் வைத்திருக்கிறோம். தரையில் யார் நடந்தாலும் கல் அசையாது. ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் கல்லால் முழுக்கத் தடுக்க முடியாது. ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் தவில், பேஸ் கிட்டார் அதிர்வெல்லாம் காற்று வழியாகவும் சுவர் வழியாகவும் திரும்பி ஊசிக்கே வரும். ஊசி அதையும் பாட்டென்று எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். கோயில் நோம்பியில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் கூவுமே, அந்தக் கதைதான். ஆம்ப்ளிபயர் குமிழில் சிவப்புப் பொட்டு வைத்திருப்பது இதற்காக. வாசல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்பது நியாயமான குறை. அங்கிருந்த இரண்டு மேசைகளை ஸ்பீக்கர் இரண்டுக்கும் நேர் எதிரே வரும்படி உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறோம். அடுத்த முறை அந்த மேசைகளில் உட்கார்ந்து பாருங்கள்.

“நான் கேட்ட பாட்டை மட்டும் போடக்கூடாதா?” போடலாம்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஊசியைத் தூக்கித் தூக்கி இறக்கினால் யாரோ ஒருவர் கையில் என்றைக்காவது அது சறுக்கும். கீறல் விழுந்த தட்டுக்கு மாற்றுத் தேடி சென்னை மூர் மார்க்கெட் வரை போனாலும் கிடைக்காது. அதனால் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள், முழுப் பக்கம் ஓடவிடுவது நாங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏன் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது என்று ஓர் இளைஞர் எழுதியிருந்தார். நல்ல காதுங்க அவருக்கு. தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் வெளி ஓரத்தில் ஒரு நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் கோடு ஊசிக்கு அடியில் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது இருபதுக்குப் பக்கம் வந்துவிடும். அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதினால் நுணுக்கமான ஒலிகள் நசுங்கத்தான் செய்யும். ஆர்ப்பாட்டமான பாட்டுகளை முன்னாலும் அமைதியானதைக் கடைசியிலும் வைத்த தட்டுகள் நிறைய உண்டு. அந்த வரிசையைக் கலைக்காமல் கேட்டால்தான் அது தெரியும்.

பேச்சு விஷயத்தில் நாங்கள் அவ்வளவு கறார் இல்லை. ஜப்பானில் வெளிநாட்டு ஜாஸ் தட்டுகள் யானை விலை விற்ற காலத்தில், ஒரு காபிக்குக் காசு கொடுத்தால் நாள் முழுக்கக் கேட்கலாம் என்று ‘கிஸ்ஸா’ என்ற காபிக் கடைகள் வந்தன. அவற்றில் சிலவற்றில் வாயே திறக்கக் கூடாதாம். கோயம்புத்தூரில் அது நடக்குமா? மெதுவாகப் பேசுங்கள், போதும். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுபவர்களிடம் மட்டும் வந்து சொல்வோம்.

ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை உங்கள் வீட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து போடலாம் என்றதற்குக் கிடைத்த வரவேற்பை நாங்களே எதிர்பார்க்கவில்லை. ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா மஞ்சப்பையில் பழைய பட்டுத்துணி சுற்றி, கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் பாடிய 78 ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். பாட்டு பாதியில் நிற்க, தட்டைத் திருப்பிப் போட்டால் மிச்சம் வரும். திருப்பிய அந்தச் சில நொடிகளில் அறையில் ஒருவரும் கிளாஸைத் தொடவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் எடுபிடி வேலை பார்த்த சென்ட்ரல் ஸ்டுடியோ இந்த ஊரில்தான் இருந்தது என்பதை அன்று வந்திருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெரியம்மாதான் சொன்னார்.

தட்டு கொண்டுவருபவர்களுக்குச் சில வார்த்தை. 78 என்றால் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். அதன் கோடு எல்பியுடையதைவிட மூன்று மடங்கு அகலம், வேறு ஊசி மாட்ட வேண்டும். தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியைப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த இரும்பு ஊசியும் அதன் பாரமும் ஒரே ஓட்டத்தில் தட்டை உழுதுவிடும். கழுவுவதென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய துணி. சிறுவாணியே ஆனாலும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு நிற்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், நெளிந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய பழைய டர்ன்டேபிளில் பாட்டு இழுக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பீர்கள், சரி. ஆனால் அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. ஏசி மோட்டார் உள்ள பெட்டியாக இருந்தால் 33 சுற்று 28க்கும் கீழே இறங்கிவிடும், பெண் குரலெல்லாம் ஆண் குரலாகும். மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கப்பியை 50 சைக்கிளுக்கு ஏற்றதாக மாற்றினால் சரியாகிவிடும். லேத் பட்டறைக்கு நம்ம ஊரில் என்ன பஞ்சம்? அளவு எடுக்க வேண்டுமானால் பெட்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.

விலை: இளநீர் விலை ஏறியதால் அந்தப் பானம் மட்டும் பத்து ரூபாய் கூடுகிறது. மற்றதெல்லாம் அப்படியே.

அப்புறம், வரும் ஞாயிறு 78 தட்டுகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். எல்பி வைத்திருப்பவர்கள் அதற்கடுத்த வாரம் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்