ஓசூரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளைக்கு,

விவாகரத்து ஆன பிறகும் உங்களை இப்படித்தான் கூப்பிட வருகிறது. பாப்பாவுக்கு நீங்கள் அப்பா, நான் தாய்மாமன். அந்த இரண்டு உறவையும் எந்தத் தீர்ப்பும் தொடவில்லை. பாப்பாவை நீங்கள் பார்க்கும் நாள் பற்றிய இந்தத் தகராறைப் பொதுவில் எழுதலாமா என்று தங்கச்சியிடம் கேட்டேன், உங்களிடமும் வாட்ஸ்அப்பில் கேட்டேன். இருவரும் சரி என்றீர்கள். யார் பெயரும் இதில் இல்லை. பாலக்கோட்டில் பத்திரம் எழுத என்னிடம் வருகிறவர்களிலேயே இதே சிக்கலில் இருப்பவர்கள் உண்டு, அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் போட்டிருக்கும் புது மனுவின் நகல் வந்து சேர்ந்தது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை பாப்பாவை அழைத்துப் போகலாம் என்பது உத்தரவு. உங்கள் கம்பெனியிலோ வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு தூங்காமல் பஸ் ஏறி வருகிறீர்கள், இல்லையென்றால் வர முடியாமலே போகிறது. பதிலுக்கு அடுத்த சனிக்கிழமை கேட்டால், ‘உத்தரவில் அப்படி இல்லை’ என்று எங்கள் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பேத்தியை ஒகேனக்கல் கூட்டிப்போக உங்கள் அம்மா ஆசைப்பட்டார்கள். உத்தரவு பேசுவது கோடை விடுமுறையைப் பற்றி மட்டும்தான். இதற்கு ஒரு மனு, அதற்கு ஒரு எதிர்மனு, பிறகு வாய்தா. தேதி வருவதற்குள் ஆடி போய் ஆவணியும் வந்துவிடுகிறது.

என் தொழில் புத்தியில் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் விஸ்தீரணத்தை மட்டும் எழுதிவிட்டு நான்கு எல்லையை எழுதாமல் விட்டால் வரப்புச் சண்டை நிச்சயம். உங்கள் உத்தரவும் அப்படித்தான் இருக்கிறது. குழந்தையை எங்கே கைமாற்றுவது, ஸ்பெஷல் கிளாஸ் வந்தால் என்ன செய்வது, காய்ச்சல் என்றால் அந்த நாள் போயே போச்சா, போன் எத்தனை மணிக்கு, எதுவும் அதில் கிடையாது. நீதிபதி மேல் குறை சொல்லவில்லை. ஒரு குழந்தையின் வருஷம் முழுவதையும் யாராலும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது.

இதற்கென்றே சில நாடுகளில் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தில் அவருக்குப் ‘பேரன்டிங் கோஆர்டினேட்டர்’ என்று பெயர். பெற்றோர் இருவரும் ஒப்பந்தம் போட்டு நியமிக்கலாம், அல்லது நீதிமன்றமே நியமிக்கலாம். குடும்ப வழக்குகளில் அனுபவமுள்ள வக்கீலாகவோ மனநல ஆலோசகராகவோ இருப்பார். காலம் முதலில் அதிகபட்சம் 2 ஆண்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். முதலில் இருவரையும் பேசவைத்துப் பார்ப்பார். ஒத்துவரவில்லையென்றால் அவரே ஒரு முடிவு எழுதுவார். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் உத்தரவு போலவே செல்லும்.

நம் ஊர் சமரச மையத்துக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். சமரசம் செய்பவர் முடிவு சொல்லமாட்டார், அங்கே பேசியதும் வெளியே போகாது. இவர் முடிவு சொல்வார். ஆனால் அவர் கைக்கும் கட்டு உண்டு. குழந்தை யாரிடம் வளர்வது, பார்க்கும் நேரத்தைப் பெரிய அளவில் கூட்டுவது குறைப்பது, வேறு ஊருக்குக் குடிபெயர்வது, இவற்றில் அவர் தலையிடக் கூடாது. கைமாற்றும் இடம், பண்டிகை, பள்ளிக்குப் பிறகான வகுப்பு, அன்றாட நேரம் போன்றவைதான் அவர் வேலை. சம்பளம் பெற்றோர் பாக்கெட்டிலிருந்து போகிறது. அந்த ஒரு விஷயம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது.

‘ஊர்ப் பெரியவர்கள் இல்லையா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். ஏற்கெனவே கேட்டவர்தானே. பெரியவர்கள் உட்கார்ந்தால் இரண்டு பேரையும் சேர்த்துவைக்கத்தான் பார்ப்பார்கள். சேர மாட்டோம் என்று தெளிவாக முடிவெடுத்தவர்களுக்குச் சனிக்கிழமையைப் பங்குபோட்டுக் கொடுக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. என்னையும் விட்டுவிடுங்கள். பாப்பாவை என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். நான் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் உங்கள் அம்மா காதில் அது தங்கச்சி பேச்சாகத்தான் விழும். அவர் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

நம் சட்டத்தில் ‘பேரன்டிங் கோஆர்டினேட்டர்’ என்ற பெயரில் பதவி இல்லை. இடம் இருக்கிறது. 1984 குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஆலோசகர்களைச் சொல்கிறது. 12-ஆம் பிரிவின்படி குடும்ப நலத்தில் தேர்ந்த ஒருவரின் உதவியை நீதிமன்றம் பெறலாம். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் குழந்தை பற்றிய உத்தரவை மாற்ற வழி விடுகிறது. பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வீடியோ காலில் பேசுவதையும் சேர்த்து. ஆகவே இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவை நீதிமன்றத்தில் வைத்து, இப்படி ஒரு ஆளைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நீதிபதி ஏற்று உத்தரவில் சேர்த்தால்தான் அதற்கு மதிப்பு. கடைசி வார்த்தையும் நீதிமன்றத்துடையதுதான். உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டே சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: அடி, மிரட்டல் இருந்த வீட்டுக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் ‘விட்டுக்கொடுத்துப் போங்கள்’ என்று சொல்வது இன்னொரு அடி. அங்கே பாதுகாப்பு உத்தரவுதான் முதலில். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நம் வீட்டில் அந்தப் பிரச்சினை இருந்ததில்லை என்பதால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்தக் கூட்டு மெமோவின் வரைவில் நான் சேர்த்திருப்பவை: ஷிஃப்ட் அட்டவணை வந்தவுடன் நீங்கள் தங்கச்சிக்கு அனுப்ப வேண்டும், அந்த மாதத்தின் இரண்டு சனிக்கிழமையை அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கைமாற்றுவது பாதி வழியில், ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். ஆடிப் பதினெட்டு ஒரு வருஷம் உங்களுக்கு, அடுத்த வருஷம் இங்கே. பணம், ஜீவனாம்சம் பற்றிய பேச்சு பாப்பா வாயால் போகக் கூடாது. போன மாதம் ‘அப்பா ஃபீஸ் கட்டலையாம்’ என்று அவள் என்னிடமே வந்து சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அது.

தகராறு வந்தால் முடிவு சொல்பவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சமரச மையத்தில் பயிற்சி பெற்றவர்களிலோ நீதிமன்ற ஆலோசகர்களிலோ உங்களுக்கு நம்பிக்கையான இரண்டு பேரைச் சொல்லுங்கள், தங்கச்சி அதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பாள். அவர் சம்மதமும் கேட்க வேண்டும், கட்டணம் உண்டென்றால் பாதிப் பாதி. அடுத்த வாய்தாவுக்கு முன்னால் பதில் வந்தால் புது மனுவை நிறுத்திவைக்கச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் மாமன்
பாலக்கோடு