துப்பாக்கி லைசென்ஸ்: கட்டணம் கொஞ்சம், அலைச்சல்தான் அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரணாம்பட்டு பக்கம் காட்டோரத்தில் நிலக்கடலை போடுகிறவன் நான். அப்பா காலத்திலிருந்தே லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, பன்றிக் கூட்டத்தை விரட்ட அதன் சத்தம் ஒன்றே போதும். 2019 சட்டத் திருத்தத்தில் லைசென்ஸ் காலத்தை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக்கினார்கள், நல்ல விஷயம். ஆனால் புதுப்பிக்கப் போனால் சலான் பணத்தைவிட மற்றதுதான் கையைக் கடிக்கிறது: மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, அப்புறம் வேலூருக்கு பஸ் ஏறி ஏறி போன தடவை எனக்குப் போனது ஒன்பது நாள் வேலை.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். சரி, புரிகிறது. 2024-ல் இங்கே ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. மார்ச்சில் கொடுத்த துப்பாக்கி அதுவரை வரவில்லை, இறவைக் கடலை காய் பிடிக்கிற நேரமே அதுதான், பாதிக் கொல்லையைப் பன்றி கிளறிவிட்டது. பயிர்க் காவலுக்கு வைத்திருப்பவர்களுக்காவது ஓட்டுப்பதிவு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். புதுப்பிக்கும் வேலைக்குக் குடியாத்தத்திலேயே வருடம் ஒரு முகாம் போடுங்கள்.

ஒரு விவசாயி,
பேரணாம்பட்டு