லிங்க் ஏன் கதைக்கிறதில்லை? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

போன ஆவணியில் நீ லண்டனிலிருந்து வந்து எங்களோடு நின்றபோது என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். கரண்ட் போயிருந்த ஒரு பின்னேரம். விறாந்தையில், இரும்புக்கால் மேசையில் உன் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மாமா, கேமுக்குப் பேர் செல்டா. ஆனா நான் விளையாடுறது லிங்க். அப்ப ஏன் அவளிண்ட பேர்?" என்றாய். கொஞ்ச நேரம் பொறுத்துக் குரலைத் தணித்து, "லிங்க் ஏன் ஒண்டுமே கதைக்கிறேல்ல? அம்மப்பா மாதிரி" என்றாய்.

முதலாவதுக்கு அரைகுறையாக ஏதோ சொன்னேன். இரண்டாவதுக்கு ஒன்றும் சொல்லாமல் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போய்விட்டேன். முதல் நாள் நீ அம்மப்பாவிடம் சண்டைக்குப் பிறகு நாங்கள் இருந்த முகாமைப் பற்றிக் கேட்டதும், அவர் எழும்பி வேலியடிக்குப் போய்விட்டதும், நீ முகம் வாடி நின்றதும் எனக்குத் தெரியும். உனக்குப் புது ஸ்விட்ச் கிடைத்ததால் பழையதை என்னிடம் விட்டுப் போனாய். அன்றிலிருந்து இரவில் அதோடுதான் இருக்கிறேன். இப்போது பதில் சொல்லலாம் போல இருக்கிறது. உன்னைப்போல வேறு பிள்ளைகளும் இதே கேள்வியோடு இருக்கக்கூடும் என்பதால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன். விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேள்.

முதலில் பெயர். 1986 பெப்ரவரி 21 அன்று ஜப்பானில் முதலாவது விளையாட்டு வந்தது. ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசூகாவும் சேர்ந்து உருவாக்கியது. செல்டா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயர் காதுக்கு நன்றாக இருந்ததால் மியமோட்டோ அதை இளவரசிக்கு வைத்தார். வரலாறு அவ்வளவுதான். ஆனால் நீ கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடுவார்கள். கூத்துக்குப் பெயர் அவனுடையது. ஆனால் வைகாசியில் சனம் திரண்டு வற்றாப்பளைக்குப் போய்ப் பொங்குவது கண்ணகிக்கு. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவள் இங்கேதான் ஆறினாள் என்பது எங்கள் ஊர்க்கதை. அவளுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கு எரியும். கதையில் அலைந்து திரிகிறவன் ஒருவன், கதை யாருடையது என்றால் இன்னொருத்தி. செல்டாவை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சிறை பிடிக்கப்பட்டு, வந்து மீட்கும்வரை காத்திருக்கிற இளவரசி என்று அவளைச் சொல்வார்கள். அது சரியில்லை. 1986 கதையிலேயே, தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஞானத்தின் ட்ரைஃபோர்ஸ் என்ற மந்திர முக்கோணத்தை எட்டுத் துண்டாக்கி ஒளித்துவிட்டுத்தான் பிடிபடுகிறாள். 1998இல் வந்த ஒகரினா ஆஃப் டைம் விளையாட்டில் ஷேக் என்ற பெயரில் ஆண் வேடத்தில் ஏழு வருடம் மறைந்து வாழ்கிறாள். 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட்டில், காயப்பட்ட லிங்க் நூறு வருடம் நித்திரையில் கிடக்க, அவள் தனியாகக் கோட்டைக்குள் போய் அந்த நூறு வருடமும் கனன் என்ற அசுரனை அசைய விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். நின்டெண்டோ தானே செய்த செல்டா விளையாட்டுகளில் அவளையே முதன்மைப் பாத்திரமாக வைத்து நாங்கள் விளையாட 2024 வரை போனது. முப்பத்தெட்டு வருடம்! அதில் அவளுக்குப் பழைய கட்டில், மேசை எல்லாம்தான் ஆயுதம். கட்டிலை அடுக்கிப் பாலம் கட்டி ஏறுகிறாள். அதைப் பார்த்தபோது எனக்கு அம்மம்மா ஞாபகம். தறப்பாள் கொட்டிலில் ஒரு கதவுப் பலகையைக் கட்டிலாக்கி, அடுத்த இடத்தில் அதையே பதுங்குகுழிக்குக் கூரையாக்கியவ அவ.

இன்னொன்று. எல்லா விளையாட்டிலும் வருவது ஒரே லிங்க் என்று நினைத்துவிடாதே. 2011இல் வந்த ஸ்கைவேர்ட் சோர்ட் அதைச் சொல்கிறது. சாகும்போது அசுரன் இட்ட சாபத்தால் பகை திரும்பத் திரும்பப் பிறக்கும், அதோடு வீரனின் ஆன்மாவும் இளவரசியின் இரத்தமும் ஒவ்வொரு காலத்திலும் வரும். காத்தவராயன் கூத்தில் ஓர் இரவுக்குள் சின்னக் காத்தானாக ஒரு பிள்ளையும் அப்புறம் பெரிய காத்தானாக வேறொருவரும் மாறி மாறி வருவார்கள். ஆள் வேறு, காத்தான் ஒன்று. சனம் ஒருநாளும் குழம்பினதில்லை.

மியமோட்டோ சின்ன வயதில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் காடு மேடெல்லாம் சுற்றித் திரிந்தவர். ஒருநாள் ஒரு குகையைக் கண்டு, பிறகு விளக்கோடு திரும்பி வந்து உள்ளே போனாராம். அந்தச் சந்தோசத்தை மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கத்தான் இந்த விளையாட்டைச் செய்தார். எனக்கும் அப்படி இரண்டு மூன்று வருடம் இருந்தது. 2002இல் சண்டை நின்றபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் கரண்ட் இல்லை, வீடியோ கேம் என்ற சொல்லே தெரியாது. பாலைப்பழக் காலத்தில் சைக்கிளைப் பற்றைக்குள் படுக்கப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போவோம். வாயெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுக்கும். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது அதே காட்டின் ஓரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. மிதிவெடி. பாதையை விட்டு இறங்காதே என்று உன்னை ஓயாமல் ஏசினேன் அல்லவா, அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நீ விறாந்தையில் இருந்து, கண்ணில் படுகிற மலையிலெல்லாம் லிங்கை ஏற்றிக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியாமல் பின்னால் நின்று பார்த்தேன்.

நான் முதல் விளையாடியது 2013இல், வெள்ளவத்தையில் வாடகை அறையில். அறைக்காரப் பெடியன் ஒருவன் தன் வீ (Wii) கேம் பெட்டியில் ஒகரினாவை வைத்திருந்தான். சின்ன லிங்க் கோட்டை நகரத்துச் சந்தைக்குள் போவான். நாய் ஓடும், ஒரு சோடி ஆடிக்கொண்டே இருக்கும், கடைகளில் சனம். பிறகு காலக்கோவிலில் அந்த வாளை உருவுவான். உருவினதும் நித்திரை. ஏழு வருடம் கழித்து எழும்பி வெளியே வந்தால் வானம் கறுத்துக் கிடக்கும், வீடுகள் உடைந்து கிடக்கும், சந்தை நடுவில் நடைபிணங்கள் முனகிக்கொண்டு நிற்கும். அறைக்காரன் அந்தப் பிணங்களுக்குப் பயந்து நான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தான். நான் நிறுத்தியது வேறு இடத்தில். ஓடித் தப்பிக் காகரிகோ கிராமத்துக்குப் போனால், சந்தையில் கடை வைத்திருந்த அதே ஆள் அங்கே வேறொரு கூரையின் கீழ் கடை போட்டிருந்தார். சனம் இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. எங்கள் விசுவமடுச் சந்தியில் கடை வைத்திருந்த ஐயா, செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து பீடியும் தேயிலையும் சவர்க்காரமும் விற்றவர். அதே ஒழுங்கில்தான் அடுக்கியிருந்தார். ஜப்பானில் இருக்கிற யாரோ ஒருவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

கனனின் மனித உருவமான கனண்டோர்ஃபைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ அவனைக் கெட்டவன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாய். கெட்டவன்தான். ஆனால் 2002இல் வந்த விண்ட் வேக்கரில், கடலுக்கடியில் மூழ்கிப்போன, செல்டாவின் நாடான ஹைரூலில் நின்று அவன் தன் பாலைவனத்தைப் பற்றிச் சொல்வான். பகலில் சுடும் காற்று, இரவில் உறையவைக்கும் காற்று, எப்போது வந்தாலும் சாவைக் கொண்டுவரும். ஹைரூலின் பச்சை வயலில் வீசிய காற்று அப்படி இல்லை. அந்தக் காற்றின்மேல்தான் ஆசைப்பட்டேன் என்பான். குளத்தில் தண்ணீர் இல்லாத வருடம் வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கிறவனுக்கு இந்தப் பேச்சு விளங்கும். அதற்காக அவனை நான் மன்னிக்கவில்லை. ஒகரினாவில் அவன் ஆண்ட ஏழு வருடத்தில் அவனுடைய பாலைவனம் ஒரு முழமாவது பச்சையானதா, பார். பிரெத் ஆஃப் த வைல்ட்டில் அவனுக்கு வாயே இல்லை, வெறும் ஊத்தைப் புகை மாதிரிச் சுழல்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. பகைக்கு ஒரு முகம் இருக்க வேண்டும்.

இனி உன் இரண்டாவது கேள்வி.

லிங்க் பேசாததற்கு விளையாட்டுக் காரணம் ஒன்று உண்டு. விளையாடுகிறவரை அந்த உலகத்தோடு இணைக்கிறவன் அவன். அவன் வாய் திறக்காவிட்டால் உன் எண்ணமே அவன் எண்ணம் என்று நீ நினைப்பாய். ஆனால் பிரெத் ஆஃப் த வைல்ட்டில், கோட்டையில் செல்டாவின் அறையில் அவளுடைய நாட்குறிப்பு கிடக்கிறது. நீ அதை வாசிக்காமல் தாண்டிப் போயிருப்பாய், நீ எதையும் நின்று வாசிக்கிறவள் இல்லை. அதில் அவளும் உன்னைப் போலவே, இவன் ஏன் கதைக்கிறானில்லை என்று முதலில் எரிச்சல்படுகிறாள். பிறகு ஒருநாள் கேட்டே விடுகிறாள். இவ்வளவு பெரிய பொறுப்பு, இத்தனை பேருடைய கண்ணும் தன்மேல், அதனால் தளராமல் நின்று, சுமையை வாய் திறக்காமல் சுமக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியவருகிறது.

2009 தையில் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது பதினொரு பேர். அம்மம்மா, நான், சின்னம்மா குடும்பம், பக்கத்து வளவு ஆட்கள். எனக்குப் பதினாறு வயது. அடுத்தது எங்கே போவது, எப்போது வெளிக்கிடுவது, பதுங்குகுழியை எங்கே வெட்டுவது, எல்லாவற்றுக்கும் பதினொரு பேரும் அம்மப்பாவின் முகத்தைத்தான் பார்ப்போம். அந்த முகம் ஒருநாளும் மாறவில்லை. அது பயமில்லாத முகம் என்று அப்போது நம்பினேன். அந்த நாலைந்து மாதத்தில் மூடிய வாயை அவர் பிறகும் திறக்கவில்லை. உன்னோடு கோபம் இல்லை, பிள்ளை. உன்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று, நீ போன பிறகு உன் செருப்பைக் கழுவிக் காயவைத்து அவர் எடுத்து வைத்ததைப் பார்த்த எனக்குத் தெரியும்.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான் அதே விளையாட்டில் அக்காலா பக்கம் டாரி டவுன் வேலையில் நின்றேன். ஹட்சன் என்ற மேசன் தன்னந்தனியே வெறுங்காணியில் கல் உடைத்து ஊர் கட்டத் தொடங்குவானே, அது. விறகுக் கட்டு முதலில் பத்து, பிறகு இருபது, முப்பது, ஐம்பது என்று கேட்பான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இனத்தில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வான். நான் லிங்கை வைத்து மரம் தறித்துக்கொண்டிருக்க, அம்மப்பா சுருட்டோடு வந்து பின்னால் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"என்ன செய்யிறான்?"

"ஊர் கட்டுறான், அப்பா. எல்லாம் அழிஞ்ச இடத்தில திரும்பவும் கட்டுறான்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "முதல்ல கிணறல்லோ வெட்டோணும்" என்றார்.

அப்படியே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நாங்கள் 2011இல் திரும்பி வந்தபோது வளவு முழுக்க ஆளுயரத்துக்குப் புல். குசினி இருந்த இடத்தில் ஒரு முருங்கை முளைத்து நின்றது. அவரும் நானும் மூன்று நாள் கிணற்றை இறைத்தோம். தகரம், சைக்கிள் ரிம், செத்த பாம்பு எல்லாம் வந்தது. கடைசி நாள் சேற்றுக்குள்ளிருந்து அம்மம்மாவின் தையல் மெஷின் வந்தது, தலை ஒரு உரப்பையில், இரும்புக்கால் தனியே. யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அன்று இரவு அவர் சொன்னார், வெளிக்கிடுவதற்கு முதல் இரவு எல்லாரும் நித்திரையான பிறகு அவரே கழற்றி, சுற்றி, கயிற்றில் கட்டி இறக்கினாராம். முடிச்சு அவிழக்கூடாது என்று இரண்டு தரம் போட்டாராம். கையில் கயிறு பிடிப்பது மாதிரிப் பிடித்துக் காட்டினார். கை நடுங்கியது.

தலை துருவேறிப் போய்விட்டது. மண்ணெண்ணெய் போட்டு எவ்வளவு உரஞ்சியும் சில்லு சுற்றியதே தவிர ஊசி இறங்கவில்லை. காலுக்கு மேல் பலகை அடித்ததுதான், நீ ஸ்விட்சை வைத்து விளையாடின மேசை.

செல்டா எடுத்த பன்னிரண்டு படங்களின் இடங்களைத் தேடி ஹைரூல் முழுக்க ஓடினாயே. அந்தந்த இடத்தில் போய் நின்றால்தானே லிங்குக்கு ஞாபகம் வந்தது. வாற ஆவணியில் வந்தால் முகாமைப் பற்றிக் கேளாதே. அம்மப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போ. கயிறு எத்தனை பாகம் நீளம், முடிச்சு எப்படிப் போடுவது என்று கேள்.

ஹட்சனுக்கு நான் இன்னும் ஐம்பது கட்டு விறகு கொடுக்க இருக்கிறது. "உவன் எவ்வளவிலை நிக்கிறான்?" என்று அம்மப்பா தினமும் இரவுச் சாப்பாட்டோடு கேட்கிறார்.

அன்புடன்,
மாமா
விசுவமடு