பீரா விஸ்கியா என்பதல்ல கேள்வி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் வலி பழையபடிதான். கண் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், அது ஒரு நிம்மதி.

சரி, கடைசி வரிகளில் ஒளித்து வைத்திருக்கிறாயே, அந்தக் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை வந்த பிறகு எப்போதாவது குடிக்கலாமா? டாக்டரிடம் கேட்கக் கூச்சம் என்கிறாய். இதைக் கேட்கிற முதல் ஆள் நீயாக இருக்க மாட்டாய், கேட்டுவிடு.

பீரை விட்டு விஸ்கிக்கு மாறினால் போதுமா என்கிறாய். இனிப்பைப் பற்றித்தான் உனக்குப் பயம். பீரும் இனிப்பு பானம் கலந்த எதுவும் சர்க்கரையை ஏற்றும், உண்மைதான். ஆனால் எனக்குப் பயம் சர்க்கரை இறங்குவதில். சாப்பிடாத நேரத்திலும் தூக்கத்திலும் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். மது உள்ளே போனால் அதை வெளியேற்றுவதுதான் அதற்கு முதல் வேலை, புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவது பின்னுக்குப் போய்விடும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மருந்து ஒரு பக்கம் இறக்கும், தாங்கிப் பிடிக்க வேண்டிய கல்லீரல் இன்னொரு பக்கம் கைவிட்டுவிடும். அதுவும் உடனே நடக்க வேண்டும் என்பதில்லை. 24 மணி நேரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. ராத்திரி குடித்துவிட்டு விடியற்காலையில் தாழ்ந்துபோகிறவர்கள் அதனால்தான்.

ஒரு விருந்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். இன்சுலின் போடுகிற ஒருவர் வெறும் வயிற்றில் இரண்டு சுற்று போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நாக்கு குழறியது, சட்டை வேர்வையில் நனைந்தது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். 'ஓவராகிவிட்டது, படுக்க வை' என்றார்கள். அவர் மனைவி மட்டும் விடாமல் விரலைக் குத்திப் பார்த்தார். 48! 70-க்குக் கீழே போனாலே தாழ்வு. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஏறிய பிறகு சாப்பிட வைத்தார். படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. போதைக்கும் சர்க்கரைத் தாழ்வுக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. அதனால் உனக்குச் சர்க்கரை இருப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். இதை ஏன் மறைக்க வேண்டும்?

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பாய். எப்போதாவது ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. ஒன்று என்றால் 45 மில்லி விஸ்கி, கண்ணளவில் ஊற்றினால் அது எப்போதும் இரண்டாகிவிடும். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்பார்கள். அது உச்சவரம்புதான், அவ்வளவும் குடித்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை. படுக்கப் போகுமுன் சர்க்கரை பார்ப்பேன், 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுப்பேன். நிறைய நடந்த நாளில் தொடவே மாட்டேன். கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என 2023-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

ஆனால் உன் விஷயம் வேறு. பாதத்தில் எரிச்சல் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அது நரம்பு பாதிப்பாக இருந்தால் மது அதை இன்னும் மோசமாக்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பும் ஏறியிருக்கிறது என்றாய், அதையும் ஏற்றிவிடும். நீ மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் அளவுக்கு மீறிக் குடிப்பது தனி ஆபத்து, ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம். என்னைக் கேட்டால், கால் எரிச்சலுக்குக் காரணம் தெரிகிறவரை நிறுத்தி வை.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருக்கும் மருந்துப் பெயர்களை அப்படியே எழுதி அனுப்பு. கிறுக்கல் புரியவில்லை என்றால் மருந்துக் கடையில் கேட்டு எழுது.

அன்புடன்,
ரகு