தாழ்வார வீடு

புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி குறை இல்லை.

நீங்கள் குடியிருந்த தாழ்வார வீட்டை இடித்துவிட்டு, மனையைக் கார் நிறுத்த விடலாம் என்று பேச்சு. வீட்டுக்காரரின் மகன்கள் இருவரும் பிரான்சில் இருக்கிறார்கள். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இடிக்கச் சொல்லித் தெருக்காரர்கள் ஒரு மனு எழுதி என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு நாள் டைம் கேட்டேன்.

அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை. சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் வண்டிகள் நம் தெரு வரைக்கும் வந்து நின்றுவிடுகின்றன. போன ஐப்பசியில் அண்ணி வழுக்கி விழுந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தோம். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் மறக்கவில்லை. அதை நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அகலம் 28 அடி, நீளம் 100 அடி. இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தி, நடுவில் 12 அடி வழி விட்டால் பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து கார். உள்ளே போனது ரிவர்ஸில்தான் வெளியே வரவேண்டும். சனிக்கிழமை ராத்திரி தெருவை நடந்து எண்ணினேன்: 54 கார். பத்து இடமும் வெளியூர்க்காரர்களால் நிரம்பும், தெரு அப்படியேதான் அடைபட்டுக் கிடக்கும். ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்தலாம் என்று ஆக்கினால்தான் ஆம்புலன்ஸ் வரும். அதற்கு வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

வீடு நல்ல நிலையில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் ஒரு மூலையில் நீர் இறங்கி இரண்டு கட்டை உளுத்துவிட்டது. சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிர்கிறது. 2014 நவம்பர் மழையில் நம் ஊர்ப் பழைய நகராட்சிக் கட்டடம், அந்த மேரி கட்டடம், சரிந்தது உனக்குத் தெரியும். அதைப் பழைய மாதிரியே கட்டி 2021-ல் திறந்தார்கள். இந்த வீடு போனால் யார் கட்டப்போகிறார்கள்?

அப்புறம் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தெருப்பக்கத்து மரத்தூண் இடுப்பு உயரத்தில் மட்டும் வழுவழுவென்று இருக்கிறது, வருகிறவர் போகிறவர் எல்லாம் பிடித்துப் பிடித்து. வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்க அந்த வீடு இடம் விட்டிருந்தது. திண்ணையில் நாம் ஆணியால் கீறிய ஆடுபுலி ஆட்டக் கோடு அழியவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு முக்கோணம் கோணலாக இருக்கிறது. அது நீ போட்டது.

மனுவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் இப்போது என்னோடு பேசுவதில்லை, வருத்தம்தான்.

எனக்குத் தோன்றியது இது. கொல்லைப்பக்கம் பின்சந்தில்தான் திறக்கிறது. அந்த மதிலை மட்டும் எடுத்தால் தெருக்காரர்களுக்கென்று மூன்று கார் நிறுத்தலாம், வாடகையும் வரும். அந்தப் பணத்தில் முதலில் கூரையை ஒக்கிடலாம். வைசியாள் தெருவில் பழைய முகப்புகளைச் சீராக்கி 2008-ல் யுனெஸ்கோ விருதே வாங்கினார்களே, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அந்த இன்டாக் அமைப்பின் ஆட்களிடம் யோசனை கேட்கப் போகிறேன்.

வீட்டுக்காரரின் மூத்த மகன் உன் பேச்சைக் கேட்பான். அவனுக்கு சைக்கிள் பழக்கியதே நீதானே. நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அங்கே காலை நேரமாக, நம் மதியம் இரண்டு மணி வாக்கில் போன் செய். அளவெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன், அப்படியே படித்துச் சொல். பத்து கார்தான் நிற்கும் என்பதை மறக்காமல் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி