பதின்மூன்று சீட்டுகளைக் கேள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

2023 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தேர்வுக்குழு புளோரிடா ஸ்டேட் அணியைக் கழற்றிவிட்டதை உன்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. 13 ஆட்டம், 13 வெற்றி, தான் ஆடும் ஏசிசி பிரிவின் கோப்பை. அப்படியும், சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றில் அப்போது இருந்த நான்கு இடங்களில் ஒன்றுகூட இல்லை. டெக்சஸிடம் 34-24 என்று தோற்றிருந்த அலபாமா நான்காவதாக உள்ளே போனது. உன் கோபம் நியாயமானது. ஆனால் மூடிய அறைக்குள் முடிவெடுப்பதில் மத்திய வங்கியும் இந்தத் தேர்வுக்குழுவும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்கிறாயே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த அறைக்குள் நடப்பதைப் பார். குழுவில் 13 பேர். ஒவ்வொருவரும் 30 அணிகளை எழுதித் தருவார். மூன்று பேராவது எழுதிய அணிதான் பரிசீலனைக்கு வரும். அதிலிருந்து அதிக ஆதரவு பெற்ற ஆறு அணிகளுக்கு ஒவ்வொருவரும் 1 முதல் 6 வரை இடம் போடுவார். கூட்டுத்தொகை குறைந்த மூன்று அணிகள் முதல் மூன்று இடங்களைப் பிடிக்கும். மிச்சம் மூன்றும் புதிதாக வரும் மூன்றும் அடுத்த சுற்றில் மோதும். இப்படியே தரவரிசையின் 25 இடமும் நிரம்பும். தன் கல்லூரி பேச்சுக்கு வந்தால் அந்த உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது இடம் முடிவாவது இரண்டாம் சுற்றில். 13 பேரும் வாக்களிக்கிறார்கள், போட்டி இரண்டு அணிகளுக்குள்தான் என்று வைத்துக்கொள். ஏழு பேர் ஓர் அணிக்கு 1, ஆறு பேர் 2 போட்டால் கூட்டுத்தொகை 19. எதிரணிக்கு 20. ஒரே ஓர் ஆள் சீட்டை மாற்றி எழுதினால் எல்லாம் தலைகீழ். 2023-ல் வித்தியாசம் ஒன்றா பத்தா? வெளியே இருக்கும் நமக்குத் தெரிய வழியே இல்லை. வாக்கு ரகசியம்.

புளோரிடா ஸ்டேட்டின் ஆட்டத்தை நடத்தும் வீரர் (குவார்ட்டர்பேக்) ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்ததைத்தான் காரணமாகச் சொன்னார்கள். முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதியிலேயே உண்டு. ஆனால் அதற்கு எத்தனை எடை என்று விதி சொல்வதில்லை. அவர் இல்லாமல் புளோரிடாவை 24-15, லூயிவில்லை 16-6 என்று வென்றதற்கு எத்தனை எடை என்றும் இல்லை. பிறகு ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டி "குழு சொன்னது சரிதானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்: முன்னணி வீரர்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை. அது எதற்கும் சாட்சி ஆகாது.

கணினியிடம் விட்டிருக்கலாம் என்கிறாயா? பிளேஆஃபுக்கு முன், 1998 முதல் 2013 வரை, அணிகளை வரிசைப்படுத்த பிசிஎஸ் என்ற முறை இருந்தது. 2004 முதல் அதில் மூன்றில் ஒரு பங்கு கணினிக் கணக்குதான். 2010-ல் ஆறு கணினிகள். அவற்றில் சூத்திரத்தை முழுதாக வெளியிட்டவர் வெஸ்லி காலி ஒருவர்தான். அவருடைய கணக்கின் தொடக்கம் எளிது: வெற்றியோடு 1, ஆட்டத்தோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். அதன்பின் எதிரணிகளின் பலத்துக்கு ஏற்பத் திருத்தம். அந்த டிசம்பரில் ஜெர்ரி பாம் என்ற ஆய்வாளர் அதைத் தானே போட்டுப் பார்த்தார், விடை ஒட்டவில்லை. வெஸ்டர்ன் இல்லினாய், அப்பலேச்சியன் ஸ்டேட் மோதிய ஓர் ஆட்டம் விடுபட்டிருந்தது. இரண்டுமே கீழ்ப்பிரிவு அணிகள். ஆனாலும் அதைச் சேர்த்ததும் பிசிஎஸ் வரிசையில் 10-ம் இடத்திலிருந்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அணி 11-க்கு இறங்கியது, பாய்சி ஸ்டேட் 10-க்கு ஏறியது. பிழை நடந்ததற்காகக் காலியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் திறந்து வைத்ததால்தான் அது பிடிபட்டது. மற்ற ஐந்தில் என்னென்ன விடுபட்டதோ!

இப்போது மத்திய வங்கிக்கு வா. அமெரிக்க மத்திய வங்கியில் வட்டியை முடிவு செய்வோர் 12 பேர். முடிவு வரும் அறிக்கையிலேயே எதிர்த்தவர் பெயர் இருக்கும். மூன்று வாரத்தில் கூட்டக் குறிப்பு, ஐந்து ஆண்டில் பேச்சு முழுவதும் வெளிவரும். தானாக வந்த திறப்பு இல்லை இது. 1993-ல் பிரதிநிதிகள் சபை வங்கிக் குழுத் தலைவர் ஹென்றி கொன்சாலெஸ் விடாமல் குடைந்த பிறகுதான், 1976 முதலான உரையாடல் பதிவுகள் அங்கே பத்திரமாக இருப்பதே வெளியே தெரிந்தது. 1994 பிப்ரவரியில்தான் வட்டி மாற்றத்தை அன்றைக்கே அறிவிக்கத் தொடங்கினார்கள்.

நம் ரிசர்வ் வங்கியிலும் நிதிக்கொள்கைக் குழுவின் ஆறு பேரும் எப்படி வாக்களித்தார்கள், ஏன் என்பது 14-ம் நாள் வெளியாகிவிடும். ஆனால் மிக முக்கியமான இடத்தில் ஓர் ஓட்டை. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டு 2 முதல் 6 சதவீதம் என்ற வரம்புக்கு வெளியே போனால், காரணம், பரிகாரம், எப்போது கட்டுக்குள் வரும் என்ற மூன்றையும் அரசுக்கு எழுதித் தர வேண்டும். 2022-ல் முதன்முறையாக அந்த நிலை வந்தது. நவம்பர் 3-ம் தேதி குழு கூடியது, கடிதம் போனது. வெளியிடச் சட்டத்தில் வழியில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. விலைவாசியைச் சுமந்தது மக்கள், விளக்கம் மட்டும் கோப்புக்குள்.

அதனால் தம்பி, "அநியாயம்" என்று மட்டும் எழுதாதே, அது அவர்களுக்குப் பழகிப்போன சொல். குறிப்பாகக் கேள்: தேர்வு நாளில் கடைசி இடத்துக்கான சுற்றில் விழுந்த சீட்டுகள், அவற்றின் கூட்டுத்தொகை, ஒதுங்கியவர் பெயர். இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் வெளியிட்டால்கூடப் போதும்.

அன்புடன்,
அண்ணன்