சுழலும் உறைக்குக் காப்புரிமை: ரிவெட் எங்கே என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்டு உறைகள் சுழலும் பர்ஸ் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்தது. அடுத்த சில நாளில், “பர்ஸில் உறை சுற்றுவதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா? இப்படியே போனால் நாளை சட்டைப் பொத்தானுக்கும் கேட்பார்கள்” என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் 22 வருடங்களாகத் தோல் பர்ஸும் பையும் வெட்டித் தைக்கிறவன். சுழலும் உறை வைத்த பர்ஸ் ஒன்றுக்கு நானே விண்ணப்பித்துத் தோற்றும் இருக்கிறேன். அந்த வாசகர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நியாயமான பாதியை முதலில் சொல்கிறேன். உறை சுழல்கிறது என்ற ஒன்றுக்காக யாருக்கும் காப்புரிமை தரக் கூடாது. பெயின்ட் நிறங்களைக் காட்டுவதற்கு மூலையில் ஆணி கோத்த அட்டைக் கொத்து ஒன்று வைத்திருப்பார்களே, தள்ளினால் விசிறியாக விரியுமே, அதைப் பார்க்காதவர் யார்? குமிழைத் திருகினால் முகவரி அட்டைகள் வரிசையாகப் புரளும் ரோலோடெக்ஸ் 1950களிலேயே அலுவலக மேசைகளுக்கு வந்துவிட்டது. அட்டை இருந்த இடத்தில் கார்டு உறையை வைத்தேன் என்பது மட்டும் போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851லேயே, ஹாட்ச்கிஸ் – கிரீன்வுட் வழக்கில், இப்படிப்பட்ட ஒன்றைத் தள்ளிவிட்டது. கதவுக் குமிழை அதுவரை மரத்திலும் உலோகத்திலும் செய்துகொண்டிருந்தார்கள். அதையே களிமண்ணிலும் பீங்கானிலும் செய்ததற்கு வாங்கிய காப்புரிமை செல்லாது, தொழில் தெரிந்த எந்தக் கைவினைஞரும் செய்யக்கூடிய மாற்றம்தான் அது என்று தீர்ப்பு. கைவினைஞன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கள் கை தினமும் செய்கிற வேலையை ஒருவர் பூட்டி வைத்துக்கொண்டால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?

ஆனால், “இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?” என்ற கேள்வியைச் சட்டம் கேட்பதே இல்லை. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு கேட்பது மூன்றுதான்: புதியதா, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாத ஒன்றா, தொழிலில் பயன்படுமா. பொருள் பெரியதா சிறியதா என்பது அதில் எங்கும் இல்லை. நாம் சேலைக்கும் துப்பட்டாவுக்கும் குத்துகிற ஊக்குக்கு 1849இல் வால்டர் ஹன்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஒரே கம்பி, நடுவில் ஒரு சுருள், தலையில் ஒரு மூடி. கம்பியும் பழசு, சுருளும் பழசு. ஆனால் சுருள் ஊசியை வெளியே தள்ளுவதால்தான் மூடிக்குள் அது பிடித்து நிற்கிறது. மூடி தடுப்பதால்தான் சுருளின் விசை வீணாகாமல் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வெறும் வளைந்த கம்பி.

பழைய பாகங்களைச் சேர்த்துச் செய்த பொருளை எடைபோடும்போது எல்லா நாட்டிலும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறார்கள். இங்கிலாந்தில் 1890இல் வில்லியம்ஸ் – நை வழக்கு. கைமா அரைக்கும் எந்திரத்தையும் அதைக் குடலுறையில் அடைக்கும் எந்திரத்தையும் ஒன்றாக இணைத்தவருக்குக் காப்புரிமை நிற்கவில்லை. அரைப்பது அரைத்தது, அடைப்பது அடைத்தது, அவ்வளவுதான். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 3(எஃப்) உட்பிரிவும், அறிந்த கருவிகள் ஒவ்வொன்றும் அறிந்த விதத்தில் தனித்தனியே இயங்க, அவற்றை வெறுமனே அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. இதில் “தனித்தனியே” என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. 2007இல் கேஎஸ்ஆர் – டெலிஃபிளெக்ஸ் வழக்கில், காரின் ஆக்ஸிலரேட்டர் மிதியில் மின்னணு சென்சார் பொருத்தியதைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: தெரிந்த பாகங்களைச் சேர்த்து, எதிர்பார்த்த பலனே வந்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. அதே நீதிமன்றம் 1966இல் ஆடம்ஸ் என்பவரின் பேட்டரி வழக்கில், பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவைதான் என்றாலும் கிடைத்த பலன் யாரும் எதிர்பாராதது என்று காப்புரிமையை நிலைநிறுத்தியது. ஆகவே உங்கள் செய்தியில் வந்த பர்ஸைப் பற்றி நாம் கேட்க வேண்டியது, அதில் உறை சுழல்வதால் வேறு எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்பதை.

என் பர்ஸின் கதையைச் சொன்னால் இது விளங்கும். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, மடங்க மறுத்தன. சாதாரண பர்ஸில் கார்டு இறுக்கமான வாய்க்குள் இருக்கும். இரண்டு விரலால் கிள்ளி இழுக்க வேண்டும். அவர் பல்லால் கடித்து இழுப்பார். கார்டின் மூலையெல்லாம் பல் தடம். அதைப் பார்த்துவிட்டுத்தான் உறைகளை ரிவெட்டில், அதாவது முனை தட்டி இறுக்கிய உலோக ஆணியில், கோத்துச் சுழலவிட்டேன். முதலில் செய்தது உதவவில்லை. ரிவெட்டை மடிப்புப் பக்கம் வைத்து, உறையின் வாயை வெளிப்பக்கம் விட்டிருந்தேன். பர்ஸைக் கொஞ்சம் சாய்த்தாலே கார்டு நழுவி விழுந்தது. வாய்க்கு மூடி வைத்தால் மறுபடி விரலுக்குத்தான் வேலை.

பிறகு திருப்பிப் போட்டேன். பர்ஸைப் புத்தகம் போல விரித்து, வலது பலகையைப் பாருங்கள். நான்கு உறைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். வாய்கள் இடப்பக்கம், மடிப்பைப் பார்த்தபடி. மடிப்பை ஒட்டி, அடுக்கின் உயரத்துக்கே, உள்ளே கயிறு வைத்துத் தைத்த ஒரு வரப்பு. நான் அதைச் சுவர் என்பேன். ரிவெட் வலப்பக்கம் கீழே, கார்டு முடியும் இடத்துக்கு அப்பால் விட்ட ஒரு விரல் அகலத் தோலில். படுத்திருக்கும்போது உறையின் வாயைச் சுவர் அடைத்துக்கொள்ளும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் கார்டு வராது. கட்டைவிரலால் உறையின் இடது முனையை மேலே தள்ளினால் கால்வட்டம் சுழன்று நிமிர்ந்து நிற்கும். அப்போது வாய் மேல் நோக்கி இருப்பதால் கார்டு தன் கனத்தாலேயே உள்ளே நிற்கும். உறையில் வெட்டிய பிறை வழியாகப் பெருவிரலால் மேலே தேய்த்தால் போதும், கார்டு எழும்பிவிடும். கிள்ளவே வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் என் கையே எனக்குக் கற்றுக்கொடுத்தது. உலகம் முழுக்க கார்டின் அளவு ஒன்றுதான்: ஐஎஸ்ஓ 7810 தரப்படி 85.60 மில்லிமீட்டர் நீளம், 53.98 மில்லிமீட்டர் அகலம், 0.76 மில்லிமீட்டர் கனம். என் உறையில் வாய் விளிம்பிலிருந்து ரிவெட் வரை 96 மில்லிமீட்டர். ரிவெட்டை உறையின் கீழ் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தபோது, பையில் போட்டு நடந்தால் உறை தானாக அசைந்து விரிந்தது. 10 மில்லிமீட்டருக்கு ஏற்றினேன். நின்றுவிட்டது. ஏன் என்று புரியாமல் காம்பஸை எடுத்துக் காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். சுழலத் தொடங்கும்போது உறையின் கீழ் மூலை முதலில் சுவரை நோக்கித்தான் நகர்கிறது. 5 மில்லிமீட்டரில் அது சுவருக்குள் புகவேண்டிய தூரம் 0.13 மில்லிமீட்டர், தோல் அதைச் சட்டை செய்யாது. 10 மில்லிமீட்டரில் அதுவே 0.52 மில்லிமீட்டர். ஆறு பாகை திரும்பும் வரை மூலை சுவரை மேலும் மேலும் நெருக்கும், அதைத் தாண்டியதும் நெருக்கம் குறையும், சுமார் பன்னிரண்டு பாகையில் விடுதலை. மூடும்போதும் அந்த இடத்தில் ஒரு சின்னத் தடக் உணர்வு விரலுக்குத் தெரியும். ஆக, கார்டை அடைக்கும் சுவரே உறையைப் பிடித்து நிறுத்தவும் செய்கிறது. காந்தம் இல்லை, பட்டன் இல்லை, ஸ்பிரிங் இல்லை.

இதைத்தான் நான் எழுதத் தவறினேன். என் விண்ணப்பத்தைத் தயாரித்த முகவர், “இதில் புதுசு என்ன?” என்று கேட்டார். “உறை சுழலும் சார்” என்றேன். அவரும் அதையே முதல் கோரிக்கையாக, அதாவது இதற்குத்தான் உரிமை வேண்டும் என்று கேட்கும் வாசகமாக, எழுதினார்: ஒரே சுழல் அச்சில் பொருத்தப்பட்ட பல கார்டு உறைகளைக் கொண்ட பர்ஸ். சுவரைப் பற்றி விவரணையில் அரை வரி. ரிவெட் “மூலையில்” என்று ஒரு சொல். உயரம் எவ்வளவு, ஏன் அந்த உயரம் என்பது எங்குமே இல்லை. அவர் கேட்கவில்லை, எனக்கும் அது சொல்லவேண்டிய விஷயம் என்று தெரியவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தபோது, மூலை ரிவெட்டில் உறைகள் விரியும் பழைய ஆவணம் ஒன்றையும், பெட்டிக்குள்ளிருந்து கார்டுகள் சுழன்று வெளிவரும் இன்னொன்றையும் எடுத்துக் காட்டியிருந்தார்கள். படித்தேன். அவர்கள் சொன்னது சரி. அப்போதுதான் ரிவெட்டின் உயரத்தைக் கோரிக்கையில் சேர்க்கலாம் என்று ஓடினேன். முடியாது என்றார்கள். விண்ணப்பித்த நாளில் எழுதாததைப் பிறகு நுழைக்கக் கூடாது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையில் 123ஆம் பிரிவு, அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் 132ஆம் பிரிவு, இந்தியச் சட்டத்தில் 59ஆம் பிரிவு, எங்கே போனாலும் இதே கதவு மூடியிருக்கும். “படத்தில் ரிவெட் உயரமாகத்தானே இருக்கிறது, அளந்து பாருங்கள்” என்றும் சொல்லிப் பார்த்தேன். அளவுக்கு வரையப்பட்டது என்று சொல்லாத படத்தை ஸ்கேல் வைத்து அளந்து வாதாட முடியாது.

விண்ணப்பித்து 12 மாதத்துக்குள் நினைவு வந்திருந்தால், 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை தரும் முன்னுரிமைக் காலத்தில், பழையதன் தேதியை இழக்காமல் புதிய விவரத்தையும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்திருக்கலாம். அறிக்கை வந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது. 18 மாதத்தில் என் விண்ணப்பமும் வெளியாகி, எனக்கு எதிராகவே காட்டக்கூடிய பழைய ஆவணமாகிவிட்டது. ரிவெட் உயரத்தை எழுதியிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மடக்குக் கத்தியில் இதைப் போன்ற பிடிப்பு பழையது, பர்ஸ் செய்பவர் அங்கே தேடிப்போவாரா என்று வாதம் நடந்திருக்கும். அந்த வாதத்தில் தோற்றிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். வாதமே நடக்கவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

“டிசைன் பதிவு செய்தால் போதாதா?” என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். டிசைன் பதிவு தோற்றத்தைக் காக்கும். வேலைக்காக மட்டுமே அமைந்த வடிவத்துக்கு அது உதவாது. என் ரிவெட்டை 5 மில்லிமீட்டரில் வைத்தாலும் 10 மில்லிமீட்டரில் வைத்தாலும் மூடிய பர்ஸ் பார்வைக்கு ஒன்றுதான்.

ஆசிரியர் அவர்களே, காப்புரிமைச் செய்தி போடும்போது விண்ணப்பத்தின் தலைப்பை மட்டும் போடுகிறீர்கள். “கார்டு உறைகள் சுழலும் பர்ஸ்” என்பது வெறும் தலைப்பு. அதற்கு யாரும் உரிமை தருவதில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களில் எண்ணிட்டு வரும் கோரிக்கைகளில் முதலாவதைத் தமிழில் நான்கு வரியாகப் போட்டால் போதும். சிரிப்பதா மெச்சுவதா என்று வாசகரே முடிவு செய்துகொள்வார். என்னைப் போன்ற கைத்தொழில்காரர்களும், முகவர் முன்னால் உட்காரும்போது எதைச் சொல்லவேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார்கள்.

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற ஆசையில் அந்த அளவுகளை இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த ஆசையை விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தில் முழுசாக எழுதியிருக்கிறேன். நீங்கள் அச்சிட்டால் அது வெளியான தகவலாகிவிடும். பிறகு வேறு எவரும் இதைத் தன் கண்டுபிடிப்பு என்று பூட்டிவைக்க முடியாது. பர்ஸ் தைக்கிறவர்கள் தாராளமாகச் செய்து பார்க்கட்டும். ரிவெட் துளைக்குப் பித்தளை ஐலெட் (துளையின் விளிம்பில் பதிக்கும் வளையம்) கட்டாயம் போடுங்கள். வெறும் தோலில் விட்டால் சில மாதத்தில் துளை அகன்று அந்த அரை மில்லிமீட்டர் போய்விடும்.

இப்படிக்கு,
தோல் பர்ஸ் தைப்பவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)